கட்கி மைதானத்தில் பிடித்த கோல்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, பல்லவரையோ சோழரையோ பற்றி எழுதி வருவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அத்துறையில் புலமை மிக்கோர் நம்மிடையே பலர் உளர். மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, இருபது ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிக்கும் அடியேனுக்கு அரசர் வரலாறு எழுதும் தகுதி இல்லை. ஆயின், இளமை தொட்டு நான் விடாது பின்தொடர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அது ஹாக்கி ஆட்டக்காரர் திரு. தன்ராஜ் பிள்ளை அவர்களின் வரலாறு. வளைகோற் பந்தாட்டம் என்று நம் தமிழாசிரியர்கள் அழகாகச் சொல்லுவர். மைதானத்தில் அப்படிச் சொல்வோர் எவரையும் நான் கண்டதில்லையாதலின், ஹாக்கி என்றே எழுதுகிறேன்.

இரேணிகுண்டா சந்திப்பின் நடைமேடையில் நின்று வடமேற்கே நோக்குங்கள். அங்கே ஓடும் தண்டவாளம் கடப்பை, குந்தக்கல், இராய்ச்சூர், சோலாப்பூர் எனச் சென்று புனே நகரை அடைகிறது. புனேவை அடுத்துச் சிவாஜிநகர். அதனை அடுத்த நிலையம் கட்கி. வெள்ளையர் காலத்தில் அதனைக் கிர்க்கி என்று எழுதினர். சென்னையிலிருந்து வந்த பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் இராய்ச்சூரில் கைகோத்த ஆண்டு 1871. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1869இல், கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. பாதையும் தொழிற்சாலையும் ஒருசேர அமைந்த இடத்தில் மனிதர் சென்று சேர்வது இயல்பன்றோ? தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வழியே சென்று அப்பாசறையூரில் குடியமர்ந்தன. நம் அலுவலக வாயிலைக் கடந்துதான் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு போயிருக்க வேண்டும் என்று எண்ணும்போது எனக்கு அவர்கள்பால் ஓர் உறவு தோன்றுகிறது.

நாமும் அத்தகையோரே. எனினும் நம்முள் ஒரு சாரார் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே அயலார் ஆனவர். வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த சித்தூர், 1911இல் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960இல் எல்லை மீண்டும் திருத்தப்பெற்றுத் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. வீடு நகரவில்லை, கோடு நகர்ந்தது. என்னைப் போன்றோர் அரக்கோணத்திலிருந்து பிழைப்பின் பொருட்டு வந்து சேர்ந்தோம். எவ்வகையினராயினும், நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக வளர்கின்றனர். தன்ராஜும் அவ்வாறு வளர்ந்தவரே.

அவர் பிறந்தது 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள், கட்கியில். தந்தையார் நாகலிங்கம் பிள்ளை, தாயார் ஆண்டாளம்மாள். தந்தையார்க்குப் படைக்கலத் தொழிற்சாலையைச் சார்ந்த விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கும் பணி. புல்லை வெட்டுவதும் கோடு போடுவதும் ஆடுவோர்க்காகத் தரையைச் செம்மை செய்வதும் அவர் தொழில். ஐந்து ஆண்மக்கள். வறுமை நிறைந்த வீடு. நான்காவது மகனுக்குத் 'தன்ராஜ்' என்று பெயரிட்டது, இப்பெயரின் பொருட்டாவது செல்வம் வாராதா என்னும் ஆசையினால் என்பர். செல்வம் உடனே வந்துவிடவில்லை. ஆயினும் அவ்வம்மையார் ஐந்து பிள்ளைகளையும் ஹாக்கி ஆட விட்டார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். அரிசிக்கே கணக்குப் பார்க்கும் வீட்டில், "விளையாட்டுச் சோறு போடுமா?" என்று கேளாத தாய் அரியவள். என் வீட்டில் அக்கேள்வி நாள்தோறும் கேட்கப்பட்டது. இன்று என் மகனிடம் நானும் அதையே கேட்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மட்டை வாங்கப் பணம் இல்லை. பெரியவர்கள் ஆடி முறித்துப்போட்ட மட்டைகளையும் தூக்கி எறிந்த பந்துகளையும் கொண்டே சகோதரர்கள் பழகினர். புழுதியும் சேறும் மாறி மாறி இருக்கும் தரை. பந்து எப்பக்கம் துள்ளும் என்று கூற முடியாத அத்தரையில் பழகியவர்க்குக் கண்ணும் மணிக்கட்டும் ஒருங்கே இயங்க வேண்டும். தன்ராஜின் ஆட்டத்தைக் கண்டவர்கள், பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டாற்போல் ஓடியதை மறந்திரார். முகம்மது ஷாகித்தின் ஆட்டமே அவருக்கு முன்மாதிரி. 1980இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4–3 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றதே, அவ்வணியில் ஆடிய ஷாகித் அவர். அவ்வணியின் தலைவர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். பாஸ்கரனின் பெயர் இவ்வரலாற்றில் பின்னும் ஒருமுறை வரும்.

இவ்விடத்தில் ஆட்டத்தின் போக்கைச் சிறிது கூறியாக வேண்டும். 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் எட்டுத் தங்கம் வென்ற நாடு நம் நாடு. ஆனால் 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தளம் வந்தது. அதில் பந்து தடையின்றிப் பாயும்; மணிக்கட்டின் நயத்தைவிடக் காலின் விரைவும் உடலின் வலிமையும் மிகுதியாக வேண்டும். பணமிகுந்த நாடுகள் அத்தளங்களை நகர்தோறும் அமைத்தன. நம் பிள்ளைகளோ மண்ணில் பழகி, வெளிநாடு சென்ற பின்னரே அத்தளத்தை மிதிக்கும் நிலை நெடுநாள் இருந்தது. 1980க்குப் பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிட்டியது 2021இல், டோக்கியோவில், அதுவும் வெண்கலம். இடைப்பட்ட நாற்பத்தோர் ஆண்டு வறட்சியின் நடுவில் அமைந்தது தன்ராஜின் ஆட்டக் காலம். அதை நினைவிற் கொண்டே அவர் பெற்றதையும் பெறாததையும் எடைபோட வேண்டும்.

எண்பதுகளின் இடையில் அவர் பம்பாய் சேர்ந்தார். அண்ணன் இரமேஷ் அங்கே ஓர் உரத் தொழிற்சாலையின் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அவரும் இந்தியாவுக்காக ஆடியவரே. தம்பிக்கு அவர் வழிகாட்டினார். பின்னர் மகிந்திரா நிறுவனத்தின் அணியில் தன்ராஜ் இடம்பெற்றார். அங்கே அவருக்குப் பயிற்சி தந்தவர் ஒலிம்பிக் ஆட்டக்காரர் ஜோக்கிம் கார்வாலோ. அதன்பின் அந்நாளில் அரசுடைமையாயிருந்த ஒரு விமான நிறுவனத்தில் உத்தியோகம்.

நம் நாட்டில் ஹாக்கி ஆடுவோர் சோறு உண்டது இவ்விதமே. நாட்டுக்காக ஆடுவார்; ஆனால் சம்பளம் தருவது நாட்டின் ஹாக்கிச் சம்மேளனம் அன்று, அவர் வேலை பார்க்கும் நிறுவனம். இரயில்வே, விமான நிறுவனங்கள், போலீஸ், இராணுவம், எண்ணெய்க் கம்பெனிகள் ஆகியவையே இவ்வாட்டத்தை வளர்த்த புரவலர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த ஓர் எழுத்தர் காலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு மைதானம் சென்றுவிட்டால், அடுத்த மேசைக்காரர் முகம் சுளிப்பதுண்டு. நானும் சுளித்திருக்கிறேன். அவர் சம்பளம் எங்களதைவிட ஒரு காசும் கூடுதல் அன்று என்பதும், முழங்கால் ஒருமுறை முறிந்தால் அவர் ஆட்டம் முடிந்தது என்பதும் அப்போது என் அறிவுக்கு எட்டவில்லை.

1989 டிசம்பரில் புது தில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் தன்ராஜ் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். அன்று தொடங்கி 2004 ஆகஸ்டு வரை 339 சர்வதேச ஆட்டங்கள். ஒலிம்பிக் நான்கு: 1992, 1996, 2000, 2004. உலகக் கோப்பை நான்கு: 1990, 1994, 1998, 2002. ஆசிய விளையாட்டும் நான்கு. சாம்பியன்ஸ் கோப்பையும் நான்கு. 1994இல் சிட்னி உலகக் கோப்பை முடிந்ததும் தெரிந்தெடுக்கப்பட்ட உலகப் பதினொருவரில் இந்தியர் இவர் ஒருவரே.

இத்தனை ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் எத்தனை என்று கேட்டால் உறுதியான விடை கிடையாது! சம்மேளனம் அதற்கென்று கணக்கே வைக்கவில்லை. நூற்றெழுபதுக்கு மேல் என்பது அவர் தரப்புக் கணக்கு. ஒரு சாக்கு மூட்டை இடம் மாறினால் மூன்று ஏட்டில் பதியும் இலாகாவில் பணிபுரியும் எனக்கு இச்செய்தியைப் போல் சினம் ஊட்டியது வேறில்லை. பதினைந்து ஆண்டுக் காலம் நாட்டின் சட்டையணிந்து ஓடிய ஒருவரின் உழைப்பை எழுதிவைக்க ஒரு குயர் தாளும் ஒரு குமாஸ்தாவும் போதாதா?

நாட்டுக்கு ஆடிய நாட்கள் போக எஞ்சிய காலத்தில் கூலிக்கும் ஆடினார். இலண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்சின் லியோன் நகர அணி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் வங்கி அணி ஒன்று, தொலைபேசி நிறுவன அணி ஒன்று, டாக்காவின் அபாகனி, ஹாங்காங்கின் கால்சா என அவர் அணிந்த சட்டைகள் பல. கூலிக்கு ஆடுவதை இழிவாகக் கருதிய பெரியவர்கள் அக்காலத்தில் இருந்தனர். உழைத்தவன் ஊதியம் பெறுவதில் இழிவு யாதென்று எனக்கு விளங்கவில்லை. அங்கெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எழுதிய நாளில் கிடைக்கும் முறையை அவர் கண்கூடாகக் கண்டார். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1998 டிசம்பர். பாங்காக்கில் ஆசிய விளையாட்டு. தன்ராஜ் அணித்தலைவர்; பயிற்சியாளர் 1980 தங்க அணியைச் சேர்ந்த எம். கே. கௌசிக். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அரக்கோணத்தில் ஒரு தேநீர்க் கடையின் தொலைக்காட்சிப் பெட்டிமுன் இருபது பேர் நின்றோம். இறுதியாட்டத்தில் எதிரணி தென் கொரியா. ஆட்டம் 1–1 எனச் சமமாகிப் பெனால்டி அடிகளுக்குச் சென்றது. கோல்காவலர் ஆஷிஷ் பல்லால் தடுத்து நின்றார். இந்தியா 4–2 என்று வென்றது. 1966இல் அதே பாங்காக்கில் வென்றதற்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டு கழித்து வந்த தங்கம். கடைக்காரர் எங்களிடம் அன்று காசு வாங்கவில்லை.

அடுத்து அறிவிக்கப்பட்ட அணியில் தன்ராஜ் பெயர் இல்லை. பல்லால் இல்லை, மூத்த ஆட்டக்காரர் வேறு சிலரும் இல்லை, கௌசிக்கும் விலக்கப்பட்டார். ஓய்வு தந்திருக்கிறோம் என்பது சம்மேளனத்தின் விளக்கம். ஆட்டக்காரர்க்குத் தரும் படியும் சன்மானமும் போதா என்று அவர்கள் வாய் திறந்து சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அது என்பதே ஊரார் கருத்து. என் கருத்தும் அதுவே. தங்கம் வென்ற தலைவனுக்கு வெற்றி பெற்ற மறுவாரமே ஓய்வு தேவைப்படுமாயின், தோற்றவனுக்கு என்ன தேவைப்படும்?

இதனை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கனடா தேசத்து வீரர் ஒருவரின் கதை நினைவுக்கு வரும். டொராண்டோவில் இருக்கும் என் தமக்கையார் மகன், 2019 மார்ச்சில் அவர் மறைந்த செய்தியை எனக்கு அனுப்பிவைத்தான். "மாமா, நீங்கள் சொல்லும் தன்ராஜ் கதை போலவே இருக்கிறது, படியுங்கள்" என்று எழுதியிருந்தான். அவர் பெயர் டெட் லின்ட்சே. ஆடியது பனித்தள ஹாக்கி. உறைபனித் தளத்தின்மேல் இரும்புப் பட்டை பொருத்திய காலணியோடு சறுக்கி ஓடி, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டம். அங்கே அது முழுநேரத் தொழில். நேஷனல் ஹாக்கி லீக் என்னும் அமைப்பு 1917இலேயே தோன்றிவிட்டது.

லின்ட்சே டெட்ராய்ட் அணிக்காக ஆடி 1950, 1952, 1954, 1955 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றவர்களுள் ஒருவர். அக்காலத்தில் லீகில் ஆறே அணிகள்; ஆறு முதலாளிகள். ஆட்டக்காரரின் ஓய்வூதிய நிதிக்குப் பணம் பிடிப்பார்கள், கணக்கைக் காட்டமாட்டார்கள். எங்கள் சேமநிதிக் கணக்குச் சீட்டு ஒரு மாதம் தாமதித்தால் நாங்கள் எழுப்பும் ஓசையை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஓசை எழுப்ப எவரும் இல்லை. 1957 பிப்ரவரியில் லின்ட்சே முன்னின்று ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்தார். அந்தப் பருவத்தில் அவர் 30 கோல் அடித்து, 55 கோலுக்குத் துணைநின்று, தம் வாழ்நாளிலேயே சிறந்த கணக்கை எட்டியிருந்தார். (ஆம், அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்!) அதே ஆண்டு ஜூலையில், பட்டியலின் அடியில் கிடந்த சிகாகோ அணிக்கு அவரைத் தள்ளிவிட்டார்கள். சங்கமும் அடுத்த ஆண்டு கலைந்தது. ஆயின் விதை அழியவில்லை; 1967இல் ஆட்டக்காரர் சங்கம் மீண்டும் எழுந்து நிலைபெற்றது.

இருபது ஆண்டு கழித்து, 1977இல், அதே டெட்ராய்ட் அணி லின்ட்சேயை அழைத்துத் தன் பொது மேலாளர் நாற்காலியில் அமர்த்தியது. முதற் பருவம் நன்றாக அமைந்தது, பின் சரிந்தது. 1980இல் பயிற்சியாளராகவும் நின்று பார்த்தார். இருபது ஆட்டங்களோடு அதுவும் முடிந்தது. மைதானத்தில் புலியாயிருந்தவர் மேசையில் அவ்வாறு இருக்க முடியவில்லை. எனினும் 2010இல் ஆட்டக்காரர் சங்கம், தன் உறுப்பினர்கள் வாக்களித்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கும் விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

நம்மவர் வரலாற்றுக்குத் திரும்புவோம். தன்ராஜை நெடுநாள் வெளியே நிறுத்த இயலவில்லை. 1999–2000ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா விருது அவரை அடைந்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடினார். அவ்வணியின் பயிற்சியாளர் நான் முன்னர்க் குறிப்பிட்ட பாஸ்கரன். அர்ஜென்டினாவை வென்று, ஆஸ்திரேலியாவோடு சமன் செய்து, கொரியாவிடம் தோற்று, ஸ்பெயினை வென்ற அணிக்கு, அரையிறுதி செல்லப் போலந்தை வெல்வது ஒன்றே எஞ்சியிருந்தது. 1–0 என முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோல் அடித்தது. 1–1. அவ்வளவே. பதக்கம் பெற்ற ஒரு தமிழர் வெளியே அமர்ந்திருக்க, பதக்கம் காணாத ஒரு தமிழர் உள்ளே நிற்க, இருவர் கையிலும் இல்லாத ஏதோ ஒன்று அவர்களைத் தோற்கடித்தது. இறுதியில் ஏழாவது இடம்.

2002இல் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில், முப்பத்து நான்கு வயதில், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பெயர் அவருக்கே. மறு ஆண்டு கோலாலம்பூரில் அணித்தலைவராக நின்று, இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 4–2 என வென்று, இந்தியாவுக்கு முதன்முறையாக ஆசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2004இல் ஏதென்ஸ். ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் பயிற்சியாளரை மாற்றி, ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்ட் ராக் என்பவரை அமர்த்தியிருந்தார்கள். அவர் காலத்தில் தன்ராஜுக்குக் களத்தில் கிட்டிய நேரம் சொற்பமே. அந்த ஆகஸ்டோடு அவர் சர்வதேச ஆட்டம் முடிந்தது. நான்கு ஒலிம்பிக், ஒரு பதக்கமும் இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு ஆட்டக்காரன் என்ன ஆகிறான்? இக்கேள்வியின் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், எனக்கு எதிர் மேசையில் ஒருவர் இருந்தார். இளமையில் சிறந்த முன்னணி ஆட்டக்காரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர். முழங்கால் கெட்டபின் கோப்புகளோடு அமர்த்தப்பட்டார். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. மாலையில் பிள்ளைகள் அங்கே முறையறியாமல் மட்டை வீசுவார்கள். அவர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். "இவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று அவரைக் கேட்ட மேலதிகாரி ஒருவரும் இல்லை. கேட்டால் அவருக்கு ஒரு மணிநேரம் முன்னதாக விடுப்புத் தரவேண்டுமல்லவா? ஒருநாள் அவரே சென்று ஒரு சிறுவனின் பிடியைத் திருத்திவிட்டு வந்தார். மறுநாள் அலுவல் நேரத்தில் வெளியே சென்றமைக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. பதிலைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான். பின்னர் அவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தன்ராஜ் நாற்காலியைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே அவர் வாழ்வின் பிற்பகுதி.

2008 மார்ச்சில், சிலி நாட்டின் சாண்டியாகோவில், தகுதிப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிரிட்டனிடம் 0–2 என இந்தியா தோற்றது. 1928க்குப் பின் முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாத ஒலிம்பிக் பெய்ஜிங்கில் நடந்தது. அடுத்த மாதமே, அணித் தேர்வில் பணம் கைமாறியதாக ஒரு தொலைக்காட்சி மறைவாகப் படம் பிடித்து வெளியிட, இந்திய ஒலிம்பிக் சங்கம் ஹாக்கிச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. பொறுப்பு முன்னாள் ஆட்டக்காரர் ஐவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அஸ்லம் ஷேர்கான் தலைமையில் அசோக் குமார், அஜித்பால் சிங், ஜாபர் இக்பால், தன்ராஜ் பிள்ளை. படி போதாது என்று பேசியமைக்காகப் பத்தாண்டுக்கு முன் வெளியேற்றப்பட்டவர், இப்போது படியை நிர்ணயிக்கும் பக்கத்தில் அமர்ந்தார்.

அக்குழு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 2009இல் ஹாக்கி இந்தியா என்னும் புதிய அமைப்பு தோன்றிற்று. தேசிய அணியின் மேலாளராகவும் தன்ராஜ் பணி செய்தார். உள்ளதை உள்ளபடி கூறுவதாயின், நிர்வாகத்தில் அவர் பெரும் சாதனை புரிந்தார் என்று நான் எழுத மாட்டேன். சினம் மிக்கவர்; மனத்தில் பட்டதைப் பத்திரிகைக்காரர் முன் கொட்டிவிடுவார்; குழுக்களில் பொறுமையாக அமர்ந்து தீர்மானம் நிறைவேற்றும் இயல்பு அவரிடம் குறைவு. லின்ட்சேக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. ஆட்டத்தை வளர்த்த அதே வேகம் ஆட்சிக்கு இடையூறாயிற்று.

பிள்ளைகளிடம் சென்றபோதுதான் அவர் தம் இடத்தைக் கண்டார். மும்பையில் ஒரு ஹாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்க முனைந்தார். பணம்? தீர்ந்துபோன அச்சுப்பொறி மைக்கூடுகளைப் பழைய பொருள்களாகச் சேகரித்து விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டும் இயக்கம் ஒன்றை ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார். உடைந்த மட்டையிலும் வீசியெறிந்த பந்திலும் ஆட்டம் கற்றவருக்கு, பிறர் கழித்துவிட்ட பொருளில் பயன் காண்பது பழகிய தொழில்தானே! ஏர் இந்தியாவின் பயிற்சிப் பள்ளியில் இளைஞர்களைத் தேற்றினார். பின்னர்க் குஜராத் மாநிலத்தில், அரசு விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஹாக்கியில் பெயர் பெறாத மாநிலம் அது. பஞ்சாபுக்கோ ஒடிசாவுக்கோ சென்றிருந்தால் ஆயத்தமாக இருக்கும் பிள்ளைகள் கிடைத்திருப்பர். இவர் வெறுந்தரையைத் தேர்ந்தார். அவர் தந்தையாரும் தரையைச் செம்மை செய்தவரே.

கட்கியும் வெறுமையாகிவிடவில்லை. அவருக்குப் பின் அதே ஊரிலிருந்து விக்ரம் பிள்ளை வந்து இந்தியாவுக்காக ஆடினார்.

தமிழகத்தார் தன்ராஜைத் தமிழர் என்பர். மராட்டியர் தம் மண்ணின் மைந்தர் என்பர். இரண்டு உரிமையும் செல்லும் என்பது என் துணிபு. வீட்டில் ஆண்டாளம்மாளிடம் தமிழ் பேசினார், மைதானத்தில் மராத்தியும் இந்தியும் பேசினார், சட்டையில் இந்தியா என்று எழுதியிருந்தது. 2007இல் வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாற்று ஆங்கில நூலின் தலைப்பிலும் 'அம்மா' என்னும் சொல் தமிழ்ச் சொல்லாகவே நிற்கிறது. அவர் ஆடிய மராட்டிய மைதானத்தை நாம் நமதென்று கூற முடியாது. ஆனால் அம்மைதானத்தைத் திருத்திய கை தமிழ்க் கை.

காலம் இப்போது மாறியிருக்கிறது. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீகில் ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்து, எழுதிக் கொடுத்துப் பணம் தந்தார்கள். ஏதென்ஸில் தன்ராஜின் அணித்தலைவராயிருந்த திலீப் திர்க்கி, 2022 செப்டம்பரில் ஹாக்கி இந்தியாவின் தலைவராகப் போட்டியின்றித் தேர்வு பெற்றார். 2024இல் பாரிசில் மீண்டும் வெண்கலம். நம் பக்கத்திலும் செய்தி உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இரஜனி எதிமர்ப்பு, 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற மகளிர் அணியில் கோல்காவலராக இடம்பெற்றவர். அவர் பிறந்த மாவட்டத்தில் வாழும் நம்முள் எத்தனை பேர் அப்பெயரை அறிந்திருக்கிறோம்?

சென்ற மாதம் என் மகன் எங்கிருந்தோ ஒரு பழைய மட்டையைக் கொண்டுவந்தான். அடிப்பாகத்தில் விரிசல். நூல் சுற்றி ஒட்டியிருந்தான். வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். எதிர் மேசையில் இருந்த அந்த நண்பர் ஓய்வு பெற்று இப்போது திருப்பதியில்தான் குடியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனை அவரிடம் அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.